போனில் பந்துவீச்சைப் படம் பிடிப்பது: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தகப்பன் கேட்டது இது. மகனுக்கு 15 வயது, பள்ளிக்கூட அணியில் வேகப்பந்து வீசுகிறான். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கோல்ஃப் பழகுகிறார். தன் சுவிங்கை ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டதாகச் சொல்லி, செக்கனுக்கு 240 ஃப்ரேம் எடுக்கிற போன் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இதை வைத்து மகனின் வேகத்தைக் கூட்டலாமா? கை மடிக்கிறான், அதாவது விதியை மீறி எறிகிறான், என்று மைதானத்தில் ஒருவர் சொல்கிறாராம், அதையும் இதில் பார்த்துவிடலாமா?

சுருக்கமாகச் சொன்னால், முதலில் அவனுடைய முதுகைப் பாருங்கள். வேகம் பிறகு. கையை அந்தப் போனால் பார்க்கவே வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

மச்சான் சொன்னதில் பிழை இல்லை. இந்த விஷயத்தில் கோல்ஃப்காரர்கள் எங்களை விட எவ்வளவோ முந்தியவர்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹரோல்ட் எட்ஜர்டன் 1930களிலேயே பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கை வைத்து, ஒரு முழு சுவிங்கையும் ஒரே படத்தில் அடுக்கடுக்காகப் பிடித்துக் காட்டினார். ஆனால் கோல்ஃப்காரருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பந்து அசையாமல் கிடக்கும், ஆடுகிறவரும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். அதனால் கமராவுக்கு இரண்டே இடம்தான்: ஒன்று ஆடுகிறவரின் நெஞ்சுக்கு எதிரே, மற்றது பந்து போகிற கோட்டில் அவருக்குப் பின்னால். எங்கட பொடியன் இருபது மீற்றர் ஓடி வந்து, பாய்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, பந்தை விட்டுவிட்டுப் போய்விடுவான். காலூன்றுகிற இடமும் பந்துக்குப் பந்து மாறும். ஆகவே மச்சான் சொன்ன முறையை அப்படியே எடுக்க முடியாது. எங்களுக்கு வேண்டியபடி மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

240 ஏன் தேவை என்பதை முதலில் பார்ப்போம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் மணிக்கு 102 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறான் என்று வையுங்கள். பந்து ஒரு செக்கனில் 28 மீற்றருக்குச் சற்று மேலே போகும். சாதாரண வீடியோவில், அதாவது செக்கனுக்கு 30 ஃப்ரேமில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பந்து 94 சென்ரிமீற்றர் போய்விடும். ஒரு படத்தில் பந்து கைக்குள் இருக்கும், அடுத்ததில் ஒரு மீற்றர் தள்ளி நிற்கும். கையை விட்டுப் போகிற கணம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. 240இல் அந்த இடைவெளி 12 சென்ரிமீற்றருக்குள் வந்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது, முன்கால் நிலத்தில் படுவதில் இருந்து பந்து கையை விட்டுப் போகும் வரையான நேரம். வேகப்பந்து வீச்சாளருக்கு அது ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன். 30 ஃப்ரேமில் அதற்குள் மூன்று படம் வரும், 240இல் இருபத்துநான்கு. பார்க்க வேண்டியது எல்லாம் அந்த இருபத்துநான்கு படத்துக்குள்ளும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும்தான் இருக்கிறது.

சில போன்களில் 960 என்று போட்டிருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் நடுவில் கணித்துச் சோடித்த படங்களாக இருக்கலாம், அல்லது கண் மூடித் திறப்பதற்குள் பதிவு முடிந்துவிடும். உண்மையான 240 போதும்.

ஃப்ரேமைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், வெளிச்சத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் பாதி வீடியோ பழுதாவது வெளிச்சத்தால்தான். வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கிற முழு நேரத்தையும், அதாவது 1/240 செக்கனையும், வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, அதாவது ஷட்டரை, திறந்து வைத்திருக்கும். அதற்குள் பந்து 12 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். பந்தின் அகலமோ 7 சென்ரிமீற்றர்தான். அதனால் பந்துக்குப் பதில் ஒரு சிவப்புக் கீறுதான் தெரியும். மணிக்கட்டும் அப்படித்தான். ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்கக்கூடிய அப் இருந்தால் 1/2000இல் வையுங்கள். நகர்வு ஒன்றரை சென்ரிமீற்றருக்குள் அடங்கும். அதற்கு நல்ல வெயில் வேண்டும். எங்கட பொடியன்கள் பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, மைதானத்துக்கு வரவே நான்கு மணி ஆகிவிடும். ஐந்தேகாலுக்குப் பிறகு எடுக்கிற வீடியோவில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். வந்த உடனே, உடம்பைச் சூடாக்கிய கையோடு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சூரியன். கிரிக்கெட் பிட்ச்சைப் பெரும்பாலும் வடக்குத் தெற்காகத்தான் போடுவார்கள், துடுப்பாட்ட வீரரின் கண்ணில் மாலை வெயில் அடிக்கக்கூடாது என்பதற்காக. அப்படியானால் பின்னேரம் வெயில் மேற்குப் பக்கவாட்டில் இருந்து வரும். வலக்கைக்காரனைப் பக்கவாட்டில் எடுக்கும்போது அவன் வலது பக்கத்தில் நின்றால்தான் பந்து விடுகிற கை மறையாமல் தெரியும். அவன் தெற்கு முனையில் இருந்து வடக்கு நோக்கி வீசினால் வலது பக்கம் கிழக்கு, நீங்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டு படம் எடுக்க வேண்டி வரும். பொடியன் கரிக்கட்டை போலத்தான் தெரிவான். முனையை மாற்றுங்கள். வடக்கு முனையில் இருந்து வீசச் சொன்னால் வலது பக்கம் மேற்காகிவிடும், வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் அவன் மேல். இடக்கைக்காரன் என்றால் தெற்கு முனை. காலையில் எடுத்தால் எல்லாம் மறுவளம். ஒரு சதமும் செலவில்லாத திருத்தம் இது, ஆனால் வீடியோவே வேறாகிவிடும்.

இரவில் உள்ளரங்க நெற்றில் எடுப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் மங்கி மங்கி எரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 240இல் எடுத்தால் வீடியோ முழுக்கப் படபடக்கும். போன் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, எங்கே நிற்பது? முன்கிரீஸ் கோட்டை, அதாவது அவன் வீசும் முனையில் ஸ்ரம்புக்கு முன்னால் போட்டிருக்கும் கோட்டை, பக்கவாட்டில் அப்படியே நீட்டிக்கொண்டு போனால் எங்கே வருமோ, அந்தக் கோட்டின் மேல். பத்து முதல் பதினைந்து மீற்றர் தள்ளி, அவன் இடுப்பு உயரத்துக்கு ட்ரைபொட்டை வைத்து, இரண்டு மடங்கு சூம் செய்யுங்கள். கிட்ட நின்று அகலமாக எடுத்தால் ஓரங்களில் கால் நீளும், கோணங்கள் பொய் சொல்லும். கோட்டை விட்டு ஒரு மீற்றர் முன்னே பின்னே நின்றாலும் முழங்கால் கோணம் மாறித் தெரியும், போன கிழமை வீடியோவோடு ஒப்பிடவும் முடியாது. ட்ரைபொட் கால்கள் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வையுங்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ட்ரைபொட் நிற்காது, ஆடும். நடுவில் ஒரு பையைக் கட்டி அதற்குள் இரண்டு தண்ணீர்ப் போத்தலைப் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்குக் கையால் பிடித்த வீடியோ உதவாது.

பிறகு இரண்டாவது இடம்: பந்து வீசுபவனுக்கு நேர் பின்னால், ஓடி வருகிற கோட்டில். அவன் ஓடத் தொடங்கும்போது மோதாத தூரத்தில் வையுங்கள். ஆறு பந்து பக்கவாட்டில், ஆறு பந்து பின்னால். அவ்வளவுதான். அறுபது பந்து எடுத்தால் ஒன்றையும் நீங்கள் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

இப்போது எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம். பின்னால் இருந்து எடுத்ததை முதலில் திறவுங்கள். பாய்ந்து வந்து பின்கால் ஊன்றுகிற ஃப்ரேமில் நிறுத்துங்கள். இரண்டு தோளையும் சேர்த்து மனதில் ஒரு கோடு போடுங்கள், இரண்டு இடுப்பையும் சேர்த்து இன்னொன்று. இனி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி முன்கால் ஊன்றும் வரை போங்கள். தோள்கள் அந்த நேரத்துக்குள் மட்டையாளர் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது இருந்தபடி இருக்க வேண்டும். சிலருக்கு அவை மறுபக்கம் திரும்பும். அதாவது பின்கால் விரல்களும் இடுப்பும் மட்டையாளரைப் பார்த்திருக்க, தோள்கள் மட்டும் பின்வாங்கிப் பக்கவாட்டுக்குப் போகும். பயிற்றுநர்கள் இதை மிக்ஸ்ட் அக்‌ஷன் என்பார்கள். கீழ் உடம்பு ஒரு பக்கம், மேல் உடம்பு ஒரு பக்கம், நடுவில் முறுகுவது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி. அதே கணத்தில் முன்காலில் உடம்பின் நிறையைப் போல் பல மடங்கு அடி விழுகிறது. இந்தத் தோள் பின்வாங்கல் பெரிதாக உள்ள இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பு முள்ளெலும்பில் அழுத்த வெடிப்பு வரும் ஆபத்து கூட என்பது பல ஆய்வுகளில் கண்டது. போனில் பாகைக் கணக்குச் சரியாக வராது, அதற்கு மேலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் தோள் எந்தப் பக்கம் போகிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அதே வீடியோவில் பந்து விடுகிற ஃப்ரேமுக்குப் போங்கள். தலை முன்கால் பாதத்துக்கு மேலே இருக்கிறதா, இடது பக்கம் வெளியே விழுந்து கிடக்கிறதா? வலக்கைக்காரன் இடப்பக்கம் சரிவது இயல்பு, கொஞ்சம் சரியாமல் கையை உயர்த்த முடியாது. ஆனால் தென்னை சாய்ந்தது மாதிரி உடம்பு முழுக்கச் சரிந்து, கை காதோடு ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தச் சரிவும் அதே முள்ளெலும்பைத்தான் நெரிக்கும்.

பக்கவாட்டு வீடியோவில் ஒரே ஒரு விஷயம்: முன்முழங்கால். ஊன்றுகிற ஃப்ரேமில் எவ்வளவு நேராக இருக்கிறது, பந்து விடுகிற ஃப்ரேமில் எவ்வளவு? நேராக ஊன்றி நேராகவே நிற்கிற காலுக்கு மேலே உடம்பு கவிழும்போது ஓட்டத்தின் வேகம் கைக்கு ஏறுகிறது. நல்ல வேகக்காரர்களிடம் இதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். ஊன்றியதும் முழங்கால் மடங்கி இறங்கினால் ஓடிச் சேர்த்த வேகம் அங்கேயே கரைந்துபோகும். நீங்கள் கேட்ட வேகம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கே மகனிடம் போய் 'காலை நேராக வை' என்று சொல்லிவிடாதீர்கள். நேரான காலில் அடி கூட விழும். தொடையிலும் இடுப்பிலும் வயிற்றிலும் அந்த அடியைத் தாங்குகிற பலம் வராமல் காலை மட்டும் நேராக்கினால் மிச்சம் முதுகுக்குப் போகும். முதலில் தோளைப் பாருங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். தோள் பின்வாங்குகிற பொடியனுக்கு நேர்க்கால் பழக்குவது, ஓட்டைப் படகில் பெரிய மோட்டர் பூட்டுவது போல.

ஒரு நல்ல உபாயம் சொல்கிறேன், பலர் செய்வதில்லை. முதல் ஓவரையும் கடைசி ஓவரையும் ஒரே இடத்தில் இருந்து எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களைத்த பிறகு முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தலை எவ்வளவு வெளியே விழுகிறது என்று தெரியும். முதல் ஓவரில் அழகாக வீசுகிற பிள்ளை எட்டாவது ஓவரில் வேறு ஆளாக இருப்பான். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை 15 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று எல்லை வைத்திருந்தது. இங்கே பள்ளிக்கூடப் பயிற்சி, பின்னேரம் ஊர்க் கழகம், சனி ஞாயிறு மட்ச் என்று யாருமே எண்ணாமல் ஓவர்கள் கூடிப்போகும். பள்ளிக்கூட மாஸ்டருக்குக் கழகக் கணக்குத் தெரியாது, கழகத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்குத் தெரியாது. எண்ணக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

வலக்கைக்காரனுக்குக் கீழ் முதுகின் இடது பக்கம் நோகிறதா, பின்னால் வளைந்தால் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் வீடியோவும் வேண்டாம் பயிற்சியும் வேண்டாம், பந்துவீச்சை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்க நிலை வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எண்ணெய் பூசிக்கொண்டு மார்ச் மாதப் பெரிய மட்ச்சுக்கு இறங்கினால் பிறகு பல மாதம் வீட்டில் இருக்க வேண்டி வரும்.

இனிக் கை. 'மடிக்கிறான்' என்கிற சொல்லை மைதானத்தில் சும்மா எறிந்துவிட்டுப் போவார்கள், அதைச் சுமப்பது பிள்ளை. ஐ.சி.சி. விதி முழங்கை மடிந்திருக்கக்கூடாது என்பதல்ல. மேல்கை தோள் மட்டத்துக்கு வந்ததில் இருந்து பந்து விடும் வரை, முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பதுதான். 2005 மார்ச்சில் இருந்து இதுவே எல்லோருக்கும் ஒரே எல்லை. அதற்கு முதல் சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று இருந்தது. முரளிதரனின் கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. 1995இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயார் அவருக்கு நோ போல் கொடுத்தது, கண்ணுக்குத் தெரிந்ததை நம்பி. பிறகு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடம்பில் ஒளி தெறிக்கும் குமிழ்களை ஒட்டி, சுற்றிவரப் பல கமரா வைத்து, முப்பரிமாணத்தில் அளந்தார்கள். ஒரு கமராவால் இது முடியாது, அது எவ்வளவு வேகமானதாக இருந்தாலும். வெளிப்பக்கம் வளைந்த முழங்கை ஒரு பக்கம் இருந்து பார்த்தால் மடிந்ததாகவும் இன்னொரு பக்கம் இருந்து பார்த்தால் நேராகவும் தெரியும். போதாக்குறைக்கு, போன் கமரா படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கும். மேல்வரியில் இருந்து கீழ்வரிக்கு வருவதற்குள் கை நகர்ந்துவிடும். பந்து விடுகிற கணத்தில் நேரான கையே வளைந்து தெரிவது இதனால்தான். அந்த ஃப்ரேமை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு நியாயம் கேட்கிறவர்களோடு வாதாட வேண்டாம். நடுவர்கள் உண்மையில் ஐயப்பட்டால் அதற்கென ஒழுங்கான வழி இருக்கிறது.

வேகத்தை அளக்க ஆசையாக இருந்தால் ஒரு சின்னக் கணக்கு. முன்கிரீஸில் இருந்து எதிர்முனை ஸ்ரம்ப் வரை 18.9 மீற்றர். பந்து கையை விட்ட ஃப்ரேமில் இருந்து ஸ்ரம்பைக் கடக்கும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். 160 ஃப்ரேம் என்றால் 0.667 செக்கன், மணிக்கு ஏறத்தாழ 102 கிலோமீற்றர். இது சராசரி. காற்றிலும் நிலத்தில் குத்தும்போதும் பந்து வேகம் இழப்பதால், கையை விட்ட வேகம், அதாவது ரீவியில் காட்டுகிற வகை எண், இதைவிடக் கூடவாக இருக்கும். ஆகவே ரீவி எண்ணோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். இந்த மாத எண்ணை அடுத்த மாத எண்ணோடு ஒப்பிடுங்கள், போதும். இதற்கு இரண்டு முனையும் படத்துக்குள் வர வேண்டும், அதனால் தனியாக எடுக்க வேண்டி வரும்.

திருத்துவது பற்றி என் அபிப்பிராயம்: பிழையை நீங்கள் கண்டுபிடிக்கலாம், திருத்தத்தைப் பயிற்றுநரிடம் விடுங்கள். வீடியோவைப் பார்த்த அன்றே ஐந்து விஷயம் சொன்னால் அடுத்த நாள் பொடியனுக்கு ஓடி வரவே மறந்துவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றம், அதுவும் மட்ச் இல்லாத மாதங்களில். மலிங்கவின் வீடியோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் வேண்டாம். அவருடைய கை வந்த பாதை அவருடைய உடம்புக்கு வாய்த்தது. மகனின் நல்ல நாள் வீடியோவை வைத்துத்தான் மகனின் கெட்ட நாளை அளக்க வேண்டும்.

வீடியோவைப் பயிற்றுநருக்கு வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, ஃப்ரேமும் குறைந்து போய்ச் சேரும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் வயர் போட்டு நேரே கணினிக்கு மாற்றுங்கள். கணினியில் கினோவியா என்ற மென்பொருள் இலவசம். 240இல் எடுத்தது என்று அதற்குச் சொல்லிவிட்டால் நேரத்தைச் சரியாகக் காட்டும், கோடு போடும், கோணம் அளக்கும், இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும். மச்சான் அனுப்பிய கோல்ஃப் அப்பிலும் கோடு கீறுகிற பகுதி உதவும். தானாகவே பிழை கண்டுபிடித்துப் புள்ளி போடுகிற பகுதியை மட்டும் தொடாதீர்கள். அது இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற ஆளைத்தான் தேடும்.